புதன்கிழமைக் கண்

வியாழக்கிழமை காலை ஜெசிந்தா விழித்தபோது பயம் அவளுக்கு முன்பே எழுந்து உட்கார்ந்திருந்தது. எதற்கான பயம் என்றுதான் தெரியவில்லை. திண்டுக்கல்லில் வீட்டில் எல்லோரும் நலம். பரீட்சைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. ஹாஸ்டல் மெஸ்ஸில் அன்றைக்கு உப்புமா என்பது உண்மைதான், ஆனால் உப்புமாவுக்காக யாரும் இப்படிப் பயப்பட மாட்டார்கள்.

தலைமாட்டில் கிடந்த செமினார் நோட்டை எடுத்துப் புரட்டினாள். நேற்று புதன்கிழமை. மூன்று பக்கம் எழுதித் தள்ளியிருந்தாள். கையெழுத்து அவளுடையது, விஷயம் அவளுடையது இல்லை. தேங்கிய மழைநீர், எலிக்காய்ச்சல், குழந்தைகளின் வயிற்றுப்போக்கு என்று ஏதேதோ. கட்டடப் பொறியியல் படிக்கிற பெண்ணுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், அது வாராவாரம் நடக்கிற கூத்துதான். ஆனால் மூன்றாம் பக்கத்தின் அடியில் இருந்தது அந்தக் கூத்தில் சேராதது.

அங்கே டாக்டர்கள் எழுதுகிற மாதிரி சுருக்கெழுத்தில் ஒரு வரி. அதன் கீழே பேப்பர் கிழிகிற அளவுக்கு மூன்று அடிக்கோடு. பக்கத்தில் ஒரு வட்டம், வட்டத்தைச் சுற்றி எட்டுப் புள்ளிகள். அடியில் இருந்த புள்ளிக்கு 'நான்' என்று பெயர். வலப்பக்கம் இரண்டாவது புள்ளியின் மேல் ஒரு பெருக்கல் குறி. கடைசியாக, சாதாரணத் தமிழில்: 'கட்டாயம் சொல்லணும். தள்ளிப்போடக் கூடாது.'

யாரிடம், எதை என்று எழுதவில்லை. நேற்றைய ஜெசிந்தாவுக்கு அது அவ்வளவு வெளிச்சமாகத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய ஜெசிந்தா அந்தப் படத்தை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வடக்கு எந்தப் பக்கம் என்று அம்புக்குறிகூடப் போடவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. அவள் துறையில் அப்படிப்பட்ட படத்தைத் திருத்தாமலே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

திருச்சி தஞ்சாவூர் சாலையில் இருக்கிற அந்தப் பல்கலைக்கழகத்தில் நாலாயிரம் பேர் படிக்கிறார்கள். அதில் சலித்தெடுத்த எட்டு ஆனர்ஸ் மாணவர்களுக்கு மட்டும் புதன்கிழமை மதியம் ஒரு செமினார். எட்டுப் பேர், எட்டுத் துறை, பழைய வேதியியல் கட்டடத்தில் பதினான்காம் எண் அறை, ஒரு வட்ட மேசை. முதல் நாள் பேராசிரியர் சுகந்தி சொன்னதை ஜெசிந்தா இன்றும் வரி பிசகாமல் சொல்வாள்.

"மத்த இடத்துல இந்த மாதிரி செமினார்ல ஒவ்வொருத்தரும் அவங்கவங்க சப்ஜெக்ட்டப் பத்திப் பேசுவாங்க. அடுத்தவங்க பேசும்போது போனை நோண்டுவாங்க. இங்க அது நடக்காது. ஏன்னா இங்க உக்கார்ற மூணு மணி நேரமும் உங்க சப்ஜெக்ட் உங்ககிட்ட இருக்காது."

அப்புறம்தான் அந்த நெற்றிப்பட்டையைக் காட்டினார். மூன்று விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு துணிப்பட்டை. முதல் வாரமே அதற்கு 'பட்டை' என்று பெயர் விழுந்துவிட்டது. 'என்னடா, பட்டை போட்டுட்டுப் பக்தியா உக்காந்திருக்க' என்ற கிண்டலும் கூடவே வந்துவிட்டது.

"படிப்புங்கறது வெறும் தகவல் இல்ல," என்றார் சுகந்தி. "அது பார்க்கிற பழக்கம். ஒரு சுவரைப் பார்த்தா ஜெசிந்தாவுக்கு விரிசல் தெரியும். எனக்குச் சுண்ணாம்புதான் தெரியும். அந்தப் பழக்கத்தை மட்டும் இந்தப் பட்டை பதிவு பண்ணி இன்னொருத்தருக்குக் கொடுக்கும். அது உள்ள வந்ததும் உங்க சொந்தப் பழக்கம் கொஞ்சம் ஒதுங்கி உக்காந்துக்கும். நீங்க ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்சா வந்தது வடிஞ்சுடும். பேசினது ஞாபகம் இருக்கும், குடிச்ச டீ ஞாபகம் இருக்கும். அந்தக் கண்ணால பார்த்தது மட்டும் கனா மாதிரி கரைஞ்சுடும்."

மருத்துவ மாணவன் தௌஃபீக் கையைத் தூக்கினான். "பழக்கத்தை மட்டும் எடுத்துட்டு ஆளை விட்டுடுமா மேடம்?"

"அரிசி களையறப்போ கல்லை விட்டுடறோம்ல? அது மாதிரி."

"எங்க வீட்டுச் சோத்துல எப்பவும் ஒரு கல்லு வந்துடும் மேடம்."

எல்லோரும் சிரித்தார்கள். சுகந்தியும் சிரித்தார். சிரித்தபடியே பேச்சை மாற்றினார்.

புதன்தோறும் ஒன்றரை மணிக்கு எட்டுப் பேரிடமும் புதிதாகப் பதிவு எடுப்பார்கள். பிறகு ஒரு பழைய பிஸ்கட் டின்னில் துறைகளின் பெயர் எழுதிய சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவார்கள். யாருக்கு எது வருகிறதோ அதை அணிந்துகொண்டு, அன்றைய கேள்வியை விவாதிக்க வேண்டும். நேற்றைய கேள்வி, இந்த ஊர் ஏன் ஒவ்வொரு மழைக்கும் மூழ்குகிறது. ஜெசிந்தாவுக்கு வந்தது மருத்துவம், அதாவது தௌஃபீக்கின் கண்.

மறுநாள் காலையில் அவரவர் நோட்டு அவரவருக்கே புரியாது. அதனால் மாணவர்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். வியாழன் காலை ஏழரை மணிக்கு கேண்டீனில் கூடி, யாருடைய துறையை இரவல் வாங்கினார்களோ அவர்களிடம் நோட்டை நீட்டி, 'நான் என்ன எழுதியிருக்கேன், கொஞ்சம் படிச்சுச் சொல்லு' என்று கேட்பது. சட்டம் படிக்கிற உமையாள் போன மாதம் சங்கீதத்தை வாங்கிக்கொண்டு இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். மறுநாள் அது அவளுக்கே யாரோ எழுதிப்போட்ட ரகசியக் குறி மாதிரி இருந்ததாம்.

ஜெசிந்தா கேண்டீனுக்குப் போனபோது தௌஃபீக் மூலை மேசையில் தனியாக இருந்தான். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் நோட்டைத் திறந்து அந்த வரியில் விரலை வைத்தாள்.

"இது என்னடா? காலைலேர்ந்து பயமா இருக்கு."

அவன் படித்தான். மறுபடி படித்தான். டம்ளரைக் கீழே வைத்தான்.

"கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கற சதை வத்திப்போயிருக்கு. தோலுக்கு அடியில துடிப்பு இருக்கு. அதைத்தான் எழுதியிருக்க."

"அப்படின்னா?"

"ஒண்ணுமில்லாமயும் இருக்கலாம்."

"ஏதாவது இருந்தா?"

"நரம்புக் கோளாறு. அதுல ரெண்டு விதம் இருக்கு. ஒண்ணு நம்ம வயசுல வர்றது. கழுத்துக்குக் காலர் போட்டுக்கிட்டு ரெண்டு மூணு வருஷம் தலை குனியாம ஜாக்கிரதையா இருந்தா தானா நின்னுடும். காலரைச் சீக்கிரம் போட்டா கை தப்பிக்கும். இன்னொண்ணு நிக்காது. கையில ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா எல்லாத்தையும் எடுத்துக்கும்."

"பார்த்தா எதுன்னு தெரியுமா?"

"பார்த்துத் தெரியாது. டெஸ்ட் பண்ணணும்."

அவள் படத்தைக் காட்டினாள். "இது நம்ம மேசை. இது நான். எனக்கு வலது பக்கம் ரெண்டாவது நாற்காலி... உமையாள்." அவள் விரல் பெருக்கல் குறியில் நின்றது. "தௌஃபீக், உமையாளாடா?"

அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"தெரியல. படத்துல அப்படித்தான் இருக்கு."

"நீ அவ கையை ஒரு தடவை பாரேன்."

"நான் இன்னும் ஸ்டூடன்ட்தான் ஜெசி. யாரா இருந்தாலும் ஒரு நரம்பு டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு." அவசரமாக எழுந்து போய்விட்டான். டீ பாதிக்கு மேல் அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலம் ஜெசிந்தா உமையாளிடம் சொன்னாள். எப்படிச் சொல்வது என்று பகல் முழுக்க ஒத்திகை பார்த்துவிட்டு, கடைசியில் போட்டு உடைத்தாள். உமையாள் முதலில் சிரித்தாள். பிறகு இரண்டு கையையும் விரித்து வைத்துப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க, எந்தக் கையும் யாருக்கும் சந்தேகமாகத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை காலை அவளுக்கு வலது கை மெலிந்திருப்பதாகத் தோன்றியது. மதியம் இடது கை. காரைக்குடிக்கு, அப்பாவுக்குப் போன் பறந்தது.

"எங்க அப்பச்சி பஸ் ஏறிட்டாக," என்று அழுதாள் உமையாள். "நாளைக்குச் சென்னைல மாதிரி நீதிமன்றப் போட்டில எனக்குக் கடைசிச் சுத்து, ஜெசி. நாலு மாசமா இதுக்குத்தானே ராப்பகலா படிச்சேன்."

தௌஃபீக் அப்போது பக்கத்தில்தான் நின்றான். வாயைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை சென்னைக்குப் போகவேண்டிய பெண் திருச்சியில் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஊசி ஊசியாகக் குத்தி மின்சாரம் பாய்ச்சிப் பார்த்தார்கள். திங்கட்கிழமை முடிவு வந்தது. அவள் கைக்கு ஒன்றுமே இல்லை, கல்லுக் குண்டு மாதிரி இருந்தாள். 'இந்த வயசுல இது பெரும்பாலும் பையன்களுக்குத்தாம்மா வரும், உன்னை யாரு பயமுறுத்தினது' என்று டாக்டர் கேட்டாராம்.

உமையாள் நேரே ஜெசிந்தாவின் அறைக்கு வந்தாள். "உன் நோட்டுல இருந்த பயத்தை எடுத்து என் தலையில வச்சுட்ட. எனக்கு ஒண்ணும் இல்லைன்னு நான் சந்தோஷப்படறதா, சென்னை போச்சேன்னு அழறதா? அதையும் நீயே படம் போட்டுச் சொல்லிடு," என்றாள். அவள் கதவைச் சாத்திய சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

ஜெசிந்தாவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. உமையாள் இல்லை என்றால் யார்? யாருமே இல்லையா? தௌஃபீக்கைக் கேட்டாள். "பட்டை ஏதாவது தப்பு பண்ணியிருக்கும். விடேன்," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். விட்டுவிடலாம்தான். ஆனால் ஐந்து நாளாகியும் அந்தப் பயம் போகவில்லையே. ஒன்றுமில்லாத விஷயத்துக்காக அவள் பேப்பர் கிழிகிற மாதிரி அடிக்கோடு போடுகிறவள் இல்லை. எட்டுப் பேரில் ஒருவருடைய கை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறது, அது யார் என்று தெரிந்த ஒரே ஆள், டாக்டர் கண்ணோடு இருந்த ஜெசிந்தா, போன புதன்கிழமையோடு மறைந்துபோய்விட்டாள். அவளைத் திரும்பக் கூப்பிட ஒரு வழிதான் இருந்தது.

அடுத்த புதன்கிழமை பிஸ்கட் டின்னில் கைவிட்ட ஜெசிந்தாவுக்கு வந்தது வேளாண்மை. மருத்துவச் சீட்டு, புள்ளியியல் படிக்கிற இளம்பரிதிக்குப் போயிருந்தது. சீட்டு மாற்றக் கூடாது என்பது விதி. ஒரு வாரத்துக்கு முட்டைப் பரோட்டா வாங்கித் தருவதாக மேசைக்கு அடியில் பேரம் பேசினாள். இளம்பரிதி விதிகளில் அவ்வளவு பிடிவாதம் உள்ளவன் இல்லை.

அன்றைய கேள்வி, நூலகத்துக்குப் போகும் வழியில் சாய்ந்து நிற்கிற வாகை மரத்தை வெட்டலாமா. பட்டையை நெற்றியில் கட்டியதும் எப்போதும் போல ஒரு கிறுகிறுப்பு வந்து அடங்கியது. அவள் நிமிர்ந்தாள். அறை அதே அறைதான், மனிதர்கள் வேறாகத் தெரிந்தார்கள். பேராசிரியர் சுகந்தி மாடி ஏறி வந்ததற்கு இவ்வளவு மூச்சு வாங்கக் கூடாது. இளம்பரிதிக்கு ரத்தம் கம்மி, பரோட்டா போதாது, கீரை சாப்பிட வேண்டும். வலப்பக்கம் இரண்டாவது நாற்காலியில் உமையாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேசை மேல் இருந்த அவள் கைகளைப் பார்த்தாள். சதைப்பிடிப்பான, ஆரோக்கியமான கைகள். போன வாரம் இதையா பார்த்துப் பயந்தேன்?

நோட்டைப் பிரித்தாள். படத்தைப் பார்த்தாள்.

படம் அவள் கண்ணெதிரிலேயே புரண்டு படுத்தது.

எப்படி இதை மறந்தாள்? டாக்டர்கள் படத்தை எதிரில் ஒரு ஆள் நிற்கிற மாதிரிதான் போடுவார்கள், அப்படித்தான் படிப்பார்கள். படத்தில் வலது என்றால் அந்த ஆளுக்கு இடது. முதல் வருடத்திலிருந்தே அது கையோடு ஊறிப்போன பழக்கம், யோசித்துச் செய்வதில்லை. போன புதன்கிழமை படம் போட்டது டாக்டரின் பழக்கம். வியாழக்கிழமை அதைப் படித்தது எஞ்சினியரின் பழக்கம். பெருக்கல் குறி விழுந்த நாற்காலி அவளுக்கு இடப்பக்கம் இரண்டாவது.

மெதுவாக இடப்பக்கம் திரும்பினாள். தௌஃபீக் கைகளை மேசைக்கு அடியில் வைத்திருந்தான். அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் கை அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் அந்த வலது கையில் எந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஹாஸ்டல் அறைப் பூட்டில் சாவி திரும்பாமல் நின்றது தெரிந்தது. தையல் போடப் பழகும்போது ஊசி நழுவியது தெரிந்தது. குளியலறையில் கையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துடிப்பை எண்ணியது தெரிந்தது. இதெல்லாம் ஒருவர் அதே மேசையில் உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடிக்கிற விஷயங்கள் இல்லை. பயத்தில் அவளுக்கு உடம்பு வேர்த்தது. அந்தப் பயமும் தன்னுடையது இல்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அரிசியோடு கல்லும் வந்திருந்தது.

வாகை மரத்தைப் பற்றி அன்று அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஐந்து மணிக்கு எல்லோரும் கலைந்ததும் தாழ்வாரத்தில் அவனை மடக்கினாள்.

"அம்மாகிட்ட எப்பச் சொல்லப் போற?"

அவன் திடுக்கிட்டான். "அம்மாகிட்டன்னு நான் உன்கிட்ட எப்பச் சொன்னேன்?"

"நீ சொல்லல. 'கட்டாயம் சொல்லணும், தள்ளிப்போடக் கூடாது'ன்னு நோட்டுல எழுதினேனே, அது நான் நெனச்சது இல்லடா. நீ தினமும் நெனச்சுக்கிட்டு இருக்கறது. நான் எதையும் கண்டுபிடிக்கல. நீ ஏற்கனவே கண்டுபிடிச்சதை எடுத்து மாட்டிக்கிட்டேன், அவ்வளவுதான்."

தௌஃபீக் சுவரில் சாய்ந்துகொண்டான். வலது கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டான்.

"கேண்டீன்ல படத்தைப் பார்த்த நிமிஷமே உனக்குத் தெரிஞ்சுதுல்ல?"

"தெரிஞ்சுது."

"உமையாள் அழுதப்போ பக்கத்துல நின்ன."

"நின்னேன்."

"அவ கையில ஊசி குத்தினாங்கடா. சென்னை போச்சு அவளுக்கு."

"தெரியும் ஜெசி. நீ உமையாளான்னு கேட்டப்போ, ஒரு நிமிஷம், அது அவளாவே இருந்துடக் கூடாதான்னு தோணுச்சு. என் கை நல்லா இருக்கு, தப்பாப் பார்த்துட்டேன், வேற யாருக்கோதான்னு... அவ்வளவு கேவலமாப் போயிட்டேன். அப்புறம் வாயைத் திறந்தா அதையும் சேர்த்துச் சொல்லணும்ல."

அவளுக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. எது தன்னுடைய எண்ணம், எது அவனிடமிருந்து வந்தது என்றே பிரிக்க முடியவில்லை. அவன் மேல் அவளுக்கு வந்த இரக்கத்தில்கூட அவனுடைய பங்கு கொஞ்சம் இருக்குமோ என்று சந்தேகமாக இருந்தது.

"ஏன்டா டெஸ்ட் பண்ணிக்கல? காலர் போட்டா நின்னுடும்னு நீதானே சொன்ன? சீக்கிரம் போட்டாத்தான் கை தப்பிக்கும்னும் நீதான் சொன்ன."

"நல்லதா இருந்தா நின்னுடும். டெஸ்ட் பண்ணாத வரைக்கும் அந்த நல்லது என்கிட்ட இருக்குல்ல. பண்ணிட்டு, அது இல்லைன்னு சொல்லிட்டாங்கன்னா? நான் சர்ஜன் ஆவேன்னு எங்கம்மா அறந்தாங்கி போஸ்ட் ஆபீஸ்ல கவுன்டர்ல வர்றவங்க கிட்டெல்லாம் சொல்லி வச்சிருக்கு. எங்க அத்தா தவறினதுலேர்ந்து அம்மாவுக்கு அது ஒண்ணுதான் பேச்சு."

மரங்கொத்தி ஒன்று எங்கோ தட்டிக்கொண்டிருந்தது. அவன் மெல்லச் சொன்னான்: "விடு. நாளைக்குக் காலைல உனக்கு இது எதுவும் புரியாது."

அப்படிச் சொல்லும்போது அவன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதுதான் அவளுக்குக் கோபத்தை மூட்டியது. அங்கேயே தாழ்வாரத் தரையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். டாக்டர் பழக்கம் கையைத் தன் பக்கம் இழுத்தது. அதனால் படமே போடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை காப்பி எழுதுகிற மாதிரி நிறுத்தி நிறுத்தி, பெரிய எழுத்தில் எழுதினாள்: 'உடம்புக்கு முடியாதது தௌஃபீக்குக்கு. வலது கை. அவனுக்குத் தெரியும். அவன் அம்மாவுக்குத் தெரியாது. காலையில் அவன் கேண்டீனுக்கு வருவான். வராவிட்டால் தேடிப் போ.'

எழுதியதை அவனிடம் காட்டினாள். அவன் படித்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

வியாழக்கிழமை காலை ஜெசிந்தா விழித்தபோது பயம் இல்லை. அது யாருடையது என்று தெரிந்துவிட்டதாலோ என்னவோ, இந்த முறை வடிந்துபோயிருந்தது. தாழ்வாரத்தில் பேசிய பேச்சு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் மேசையில் அவளுக்குள் தெரிந்த அந்தக் கை, பள்ளம், துடிப்பு எல்லாம் மங்கி, யாரோ சொல்லிக் கேட்ட கதை மாதிரி ஆகிவிட்டிருந்தது. 'நிஜமாகவே பார்த்தேனா' என்று அவளுக்கே குழப்பம் வந்தது. நோட்டைத் திறந்து அந்தப் பெரிய எழுத்தை இரண்டு தடவை படித்துவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கேண்டீனுக்குப் போனாள்.

தௌஃபீக் வந்திருந்தான். அதே மூலை மேசை. இடது கன்னம் சிவந்திருந்தது.

"வர்ற வழியில உமையாளைப் பார்த்துச் சொல்லிட்டேன்," என்றான்.

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. ஒண்ணு விட்டா."

"வலிச்சுதா?"

"நல்லா." லேசாகச் சிரித்தான். பிறகு தன் நோட்டை அவள் பக்கம் நகர்த்தினான். "நேத்து எனக்கு உன் துறை. பொருளாதாரப் பையன்கிட்டக் கெஞ்சி மாத்திக்கிட்டேன். நீ மட்டும்தான் சீட்டை மாத்துவியா?"

"எதுக்கு?"

"நீ எதைப் பார்த்தாலும் முதல்ல 'தாங்குமா'ன்னு கேப்ப. எனக்கு அப்படி ஒரு தடவை பார்க்கணும்னு இருந்துச்சு. இப்ப நான் எழுதினது எனக்கே புரியல. படிச்சுச் சொல்லு."

முதல் இரண்டு பக்கம் வாகை மரத்தின் வேர், மண்ணின் ஈரம், சாய்வின் அளவு. மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வட்டம், சுற்றி எட்டுப் புள்ளி. மேலிருந்து பார்க்கிற மாதிரி, அளவு மாறாமல், வடக்குக்கு அம்புக்குறியோடு, மதிப்பெண் குறைக்க இடமே கொடுக்காமல் போட்டிருந்தான். அவனுடைய நாற்காலியில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் மூன்று வரி: 'விரிசல் இங்கே. இப்போதைக்குத் தாங்கும். உடனே முட்டுக் கொடுக்கவும்.'

ஜெசிந்தா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய வார்த்தைகள்தான். சைட்டில் போய் நின்றால் அவள் அப்படித்தான் எழுதுவாள்.

"தாங்கும்னா எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டான் தௌஃபீக். பரீட்சை முடிவைக் கேட்கிற குரல்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். "'இப்போதைக்கு'ன்னு எழுதினா, எவ்வளவு நாள்னு தெரியாதுன்னு அர்த்தம். தெரியாம அதுக்கு அடியில சும்மா நிக்கக் கூடாதுன்னும் அர்த்தம்."

"முட்டுக் கொடுத்தா நிமிர்ந்துடுமா?"

"நிமிராதுடா. முட்டு அதுக்கு இல்ல. பாரத்தை அது ஒண்ணு மட்டும் தாங்காம, பக்கத்துல இருக்கற ரெண்டு மூணு கம்பும் சேர்ந்து தாங்கும். அந்த நேரத்துக்குள்ள உள்ள என்ன ஆச்சுன்னு பார்த்துடலாம். அவ்வளவுதான்."

அவன் தலையாட்டினான். பாக்கெட்டிலிருந்து போனை இடது கையால் எடுத்தான். காதில் வைக்காமல் மேசை மேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டான். நாலு தடவை மணி அடித்தது. ஐந்தாவதில் எடுத்தார்கள்.

"என்னப்பா, இந்நேரத்துல? ஆபீசுக்குக் கிளம்பிக்கிட்டு இருக்கேன்."

"அம்மா... கொஞ்சம் உக்காந்துக்க. ஒண்ணு சொல்லணும்." அவன் நிறுத்தினான். "என் வலது கை..."

மறுமுனையில் பாத்திரம் ஏதோ கீழே வைக்கப்பட்டது.

"சதை வத்துதா?" என்றது அம்மாவின் குரல்.

தௌஃபீக் ஜெசிந்தாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள்.

"உனக்கு எப்படிம்மா..."

"நோன்புப் பெருநாளைக்கு வந்தியே, அப்பவே பார்த்தேன். கறிக்கொழம்பு ஊத்தறதுக்குக் கரண்டியை ரெண்டு கையால பிடிச்ச. சட்டைப் பொத்தானை இடது கையால போட்ட. அன்னைலேர்ந்து எனக்குத் தூக்கம் கிடையாது." குரல் உடைந்தது, மறுபடி சேர்ந்தது. "டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை, உனக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு இருந்துட்டேன். ஒண்ணுமில்லைன்னா நீ சிரிப்ப. இருந்தா நீயே சொல்லுவன்னு தினமும் போனைப் பார்த்துக்கிட்டே இருந்தேன்டா."

கேண்டீனில் யாரோ டீ மாஸ்டரிடம் சர்க்கரை கம்மியாகக் கேட்டார்கள். தௌஃபீக்கின் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"தம்பி? இருக்கியா? நான் லீவு போட்டுட்டு வந்துடவா?"

அவனால் பேச முடியவில்லை என்று தெரிந்ததும் ஜெசிந்தா போனுக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"வந்துடுங்கம்மா," என்றாள். "பஸ் ஸ்டாண்டுக்கு நாங்க வர்றோம்."